பிரசித் கிருஷ்ணா: ஏற்ற இறக்கத்தை எடைபோடுவது எப்படி?

2015 செப்டம்பரில் வங்கதேச ஏ அணி கர்நாடகத்தோடு ஒரு மூன்று நாள் ஆட்டம் ஆட மைசூரு வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரிப் பகுதியில் உள்ள அந்த மைதானம் இன்று ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் வாயில் இன்னமும் அது கங்கோத்ரி கிளேட்ஸ்தான். அங்கே கர்நாடகத்துக்காக முதல்தர கிரிக்கெட்டில் காலடி வைத்த 19 வயது பெங்களூருப் பையன் ஒருவர், ஒரே இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். பெயர் பிரசித் கிருஷ்ணா.

அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அவருடைய ஸ்கோர் விவரங்களை மட்டும் வரிசையாக அடுக்கினால், இரண்டு வேறு ஆட்களின் கணக்கைக் கலந்துவிட்டார்களோ என்று தோன்றும். 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் அறிமுகத்தில் 54 ரன்னுக்கு 4 விக்கெட். அதுவரை எந்த இந்தியரும் அறிமுக ஒருநாள் ஆட்டத்தில் அப்படி வீசியதில்லை. 2022 பிப்ரவரியில் அகமதாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 9 ஓவர், 3 மெய்டன், 12 ரன், 4 விக்கெட். 2023 நவம்பரில் குவாஹாட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20யில் 4 ஓவருக்கு 68 ரன், விக்கெட் இல்லை. கடைசி ஓவரில் 21 ரன் தேவைப்பட்ட ஆட்டத்தை மேக்ஸ்வெல் அவருடைய பந்தில்தான் முடித்தார். அடுத்த மாதமே செஞ்சூரியனில் டெஸ்ட் அறிமுகம்: 93 ரன் கொடுத்து 1 விக்கெட்.

ஐபிஎல் கணக்கும் இதே கதை. 2018-ல் காயமடைந்த கமலேஷ் நாகர்கோட்டிக்கு மாற்றாக கொல்கத்தா அணிக்குள் வந்து 7 ஆட்டத்தில் 10 விக்கெட். அடுத்த ஆண்டு 11 ஆட்டத்தில் 4. 2020-ல் 6 ஆட்டத்தில் 4. 2021-ல் 10 ஆட்டத்தில் 12. ராஜஸ்தான் ராயல்ஸ் 10 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த 2022-ல் 17 ஆட்டத்தில் 19. பிறகு இரண்டு சீசன் காயத்தால் ஆடவே இல்லை. 2024-ல் அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறிக்கொண்டிருந்தபோது, கர்நாடக மாநில டி20 தொடரான மகாராஜா டிராபி ஏலத்தில் மைசூரு வாரியர்ஸ் அவரை வெறும் 1 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் குஜராத் டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்தது 9.5 கோடி. 2025 சீசனில் 15 ஆட்டத்தில் 25 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட் எடுத்தவருக்கான தொப்பியான பர்ப்பிள் கேப்பை வென்றார்.

சில மாத இடைவெளியில் ஒரே ஆளுக்கு 1 லட்சம், 9.5 கோடி என்று இரண்டு விலை. மாநிலத் தொடருக்கும் ஐபிஎல்லுக்கும் பண அளவே வேறு என்பதைக் கழித்துவிட்டாலும், ஒரு கேள்வி மிஞ்சுகிறது. 2025-ல் அவர் மேலே வருவார் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா? சொல்லியிருக்கலாம் என்றால், எதைப் பார்த்து?

இந்தக் கேள்வியை நம்மைவிட நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள். 1980-ல் டேனியல் ஓக்ரண்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் கூடிப் பேசி, நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடும் விளையாட்டைத் தொடங்கினார்கள். இன்று நாம் ஃபேண்டசி என்று சொல்லும் பலவற்றுக்கும் வேர் அதில் இருக்கிறது. அந்த விளையாட்டில் அதிகம் தலைவலி தரும் முடிவு, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தெறியாளரைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒருநாள் எதிரணியைச் சுருட்டுவார்; ஐந்து நாள் கழித்து இரண்டாம் இன்னிங்ஸிலேயே வெளியேற்றப்படுவார். அவரை மலிவாக எடுத்து, அவர் மேலெழும் ஆண்டில் கையில் வைத்திருப்பவர் லீகை வெல்வார்.

அதற்கான சான்றாக அவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் ஜேக் அரியெட்டா. பால்டிமோர் அணிக்காக 2010 முதல் 2013 வரை எறிந்தபோது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.46 ரன் கொடுத்தார். பெரிய லீகில் அது வேலை போகும் எண். 2013 ஜூலையில் சிகாகோ கப்ஸ் அவரை மாற்று ஒப்பந்தத்தில் வாங்கியது. 2015-ல் அதே ஆளின் சராசரி 1.77, 22 வெற்றி, 6 தோல்வி, அந்த ஆண்டின் சிறந்த பந்தெறியாளருக்கான சை யங் விருது. பால்டிமோரில் இருந்தபோதே அவருடைய வேகமும் பந்தின் நகர்வும் முதல் தரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். உடலைக் குறுக்காக வைத்து எறியும் அவருடைய இயல்பான பாணிக்கு சிகாகோ தடை போடவில்லை. சரக்கு முன்பே இருந்தது. அதை இறக்கிவைக்க இடம்தான் கிடைக்கவில்லை.

அரியெட்டாவை வைத்து மட்டும் ஒரு கொள்கை கட்ட முடியாது. அதைவிட ஆழமான கண்டுபிடிப்பு 2001-ல் வந்தது. வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர், மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்து அவுட்டாகிறதா, ரன்னாகிறதா என்பதில் பந்தெறியாளரின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று காட்டினார். பந்தெறியாளர் தன் கையில் வைத்திருப்பவை: மட்டையில் படாமலே எத்தனை பேரை வீழ்த்துகிறார், எத்தனை பேரை இலவசமாக நடக்கவிடுகிறார், எத்தனை ஹோம் ரன் கொடுக்கிறார். மீதி பெரும்பாலும் ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும். பின்னாளில் ரஸ்ஸல் கார்ல்டன் இன்னொரு படி போனார். மட்டையில் படாமல் வீழ்த்தும் விகிதத்தை நம்பத் தொடங்க ஏறத்தாழ 70 மட்டையாளர்களைச் சந்தித்தால் போதும். மட்டையில் பட்ட பந்துகள் அவுட்டாகும் விகிதத்தை நம்ப ஏறத்தாழ 2,000 பந்து வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். சில எண்கள் சீக்கிரம் உண்மையைச் சொல்லிவிடும், சில எண்கள் ஆண்டுக்கணக்கில் ஏமாற்றும் என்பதே இதன் பொருள்.

நம் கிரிக்கெட் பேச்சில் இந்தப் பாகுபாடு இன்னும் நுழையவில்லை. மூன்று ஆட்டத்தில் விக்கெட் இல்லையென்றால் ஃபார்ம் போய்விட்டது என்கிறோம். அது எவ்வளவு தவறு என்பதை எளிய கணக்கு ஒன்றால் காட்டலாம்.

சராசரியாக 24 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கும் நல்ல டி20 பந்துவீச்சாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் திறமை ஒவ்வொரு நாளும் இம்மியும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் நான்கு ஓவர் வீசும் நூறு ஆட்டங்களில், ஏறத்தாழ 36-ல் வெறுங்கையோடு திரும்புவார். 38-ல் ஒரு விக்கெட். 19-ல் இரண்டு. மூன்றோ அதற்கு மேலோ எடுப்பது 8 ஆட்டத்தில் மட்டும். மூன்று ஆட்டம் தொடர்ந்து விக்கெட் இல்லாமல் போவது, ஏதேனும் மூன்று ஆட்டத்தை எடுத்துப் பார்த்தால், இருபதில் ஒரு முறை நடக்கும். திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலே! நீண்ட ஒரு சீசனில் அப்படி ஒரு வறட்சி வந்தால் வியப்பதற்கில்லை.

2025-ன் பிரசித்தையே பார்ப்போம். அவர் வீசியது 59 ஓவர், அதாவது 354 பந்து, 25 விக்கெட், 14 பந்துக்கு ஒன்று. பர்ப்பிள் கேப் வாங்கிய அந்தத் தரத்தில் வீசினாலும், நான்கு ஓவர் வீசும் ஆறு ஆட்டத்தில் ஒன்றில் அவருக்கு விக்கெட் கிடைக்காது என்கிறது கணக்கு. அந்த ஆண்டு ஐபிஎல்லில் அதிக விக்கெட் எடுத்தவரின் நிலையே இது.

ஆகவே நிலையில்லாதவர் என்ற பட்டத்தை ஒருவருக்குக் கொடுக்கும் முன் இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். ஒன்று, பகடை உருள்வதால் வரும் ஏற்ற இறக்கம். எல்லோருக்கும் உண்டு, அதை யாராலும் திருத்த முடியாது. மற்றொன்று, பந்து விழும் இடமே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதால் வரும் ஏற்ற இறக்கம். இது அந்த ஆளின் கையில் இருக்கிறது, திருத்தக்கூடியது. மேலெழும் வாய்ப்பை எடைபோடுகிறவர் தேட வேண்டியது இந்த இரண்டாவதை.

பிரசித்தின் விஷயத்தில் அது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. உயரமானவர், பந்தை மேலிருந்து பிட்ச்சில் ஓங்கிக் குத்துகிறவர். மட்டையாளர் முன்னால் வருவதா பின்னால் போவதா என்று தயங்கும் அந்த இடைப்பட்ட லெங்த்தில் பந்து விழுந்தால், இடுப்புக்கு மேல் எழும்பி மட்டையின் மேல்பகுதியைத் தட்டும். இன்னும் ஓர் அடி முன்னால் விழுந்தால் டிரைவ். ஓர் அடி பின்னால் விழுந்தால், மெதுவான பிட்ச்சில் புல் ஷாட்டுக்கு வாட்டமாக உட்கார்ந்து கொடுக்கும். ஸ்விங்கை நம்பி வீசுகிறவருக்கு லெங்த் சற்றே தவறினாலும் காற்றில் நகர்வு காப்பாற்றும். பிட்ச்சை நம்பி வீசுகிறவருக்கு அந்த மன்னிப்பு இல்லை. அதனால்தான் அவருடைய நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் இடையே இவ்வளவு தூரம்.

புனே ஆட்டம் இதற்கு நல்ல சான்று. 318 ரன்னைத் துரத்திய இங்கிலாந்தின் ராயும் பேர்ஸ்டோவும் அறிமுக வீரரின் முதல் மூன்று ஓவரில் 37 ரன் விளாசினார்கள். அந்த இடத்தில் தொலைக்காட்சியை அணைத்தவருக்குப் பிரசித் ஒரு தோல்வி. அவர் திரும்பி வந்து வீசிய மிச்ச ஓவர்களில் கொடுத்தது 17 ரன்தான். ராய், ஸ்டோக்ஸ், பில்லிங்ஸ், டாம் கரன் என நால்வர் வீழ்ந்தார்கள். ஆள் ஒன்று, பிட்ச் ஒன்று, எதிரணி ஒன்று. மாறியது லெங்த்.

2025 இங்கிலாந்துப் பயணம் இதைப் பெரிய அளவில் காட்டியது. பர்ப்பிள் கேப்போடு போனவர் லீட்ஸில் முதல் இன்னிங்ஸில் 20 ஓவரில் 128 ரன் கொடுத்து 3 விக்கெட், இரண்டாவதில் 15 ஓவரில் 92 ரன்னுக்கு 2. டெஸ்ட்டில் ஓவருக்கு 6 ரன்னுக்கு மேல்! ஆறு முதல் எட்டு மீட்டருக்குள் போட நினைத்ததாகவும் பந்து அதைவிடக் குட்டையாக விழுந்ததாகவும் அவரே பிறகு விளக்கினார். எட்ஜ்பாஸ்டனில் இன்னும் மோசம். எல்லைக்கோட்டில் ஆட்களை நிறுத்தி ஷார்ட் பாலாகக் குத்திய ஒரு ஓவரில் ஜேமி ஸ்மித் 23 ரன் எடுத்தார். அந்த இன்னிங்ஸில் 13 ஓவர், 72 ரன், விக்கெட் இல்லை. லார்ட்ஸிலும் மான்செஸ்டரிலும் அணியில் இடமில்லை.

ஓவலில் திரும்பினார். முதல் இன்னிங்ஸில் 62 ரன்னுக்கு 4. இரண்டாவதில் 126 ரன்னுக்கு 4. அதில் டக்கெட், பெத்தல், சதமடித்த ரூட் ஆகியோர் அடக்கம். 374 துரத்திய இங்கிலாந்து 367-ல் சுருண்டது. இந்தியா 6 ரன்னில் வென்ற அந்த ஆட்டத்தில் சிராஜ் ஒன்பது விக்கெட் எடுத்தார், நியாயமாகவே எல்லாப் புகழும் அவருக்குப் போனது. எட்டு எடுத்தவரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அந்த ஆட்டத்தின் நான்காம் நாளில் நடந்த ஒன்றை ஆய்வாளர்கள் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம். ஹாரி புரூக் 19-ல் இருக்கிறார். பிரசித் குட்டையாக ஒரு பந்து வீச, புரூக் அதை இழுத்து அடிக்கிறார். பந்து நேராக எல்லைக்கோட்டில் நின்ற சிராஜின் கைக்குப் போகிறது. சிராஜ் பிடித்தும்விடுகிறார். பிரசித் கையை உயர்த்திக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். பிடித்த வேகத்தில் பின்னால் எடுத்து வைத்த சிராஜின் கால் கயிற்றில் பட்டுவிட்டது. அவுட் இல்லை, சிக்ஸர். புரூக் 111 எடுத்துவிட்டுத்தான் போனார்.

பந்துவீச்சாளர் செய்தது ஒன்றுதான். சிராஜின் கால் ஒரு சாண் முன்னால் இருந்திருந்தால் அவர் கணக்கில் இன்னொரு விக்கெட். இருந்த இடத்தால் ஆறு ரன். ஸ்கோர் புத்தகம் அந்தப் பந்தைத் தண்டனையாக எழுதிக்கொண்டது. மெக்ராக்கன் பேஸ்பாலில் கண்டது இதைத்தான். எகானமி, சராசரி என்று நாம் பார்க்கும் எண்ணுக்குள் இப்படி எத்தனையோ கால்கள், எத்தனையோ கயிறுகள். ஒரு பந்துவீச்சாளர் எத்தனை முறை மட்டையாளரைத் தவறான ஷாட் ஆட வைத்தார், எத்தனை பந்து விளிம்பைத் தாண்டிப் போனது, எத்தனை கேட்ச் நழுவியது என்று எண்ணினால் மட்டுமே உண்மை பிடிபடும். அந்த எண்ணிக்கை இப்போது ஒளிபரப்பிலேயே வருகிறது. ஃபேண்டசி ஆடும் பலர் அதைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

மைசூரில் உட்கார்ந்து வேகப்பந்து வீச்சைப் பற்றி எழுதுகிறவர் ஜவகல் ஸ்ரீநாத்தைக் கடந்து போக முடியாது. இந்த ஊர்க்காரர், ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1989-ல் ஹைதராபாத்துக்கு எதிரான முதல்தர அறிமுகத்திலேயே ஹாட்ரிக் எடுத்தவர். 1991-92 ஆஸ்திரேலியத் தொடரில்தான் டெஸ்ட்டுக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது 10 விக்கெட், சராசரி 55.30. எண்ணை மட்டும் பார்த்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியவர். அவர் பந்து எத்தனை தடவை மட்டையின் விளிம்பை உரசாமல் போனது என்பதை அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கபில் தேவும் பிரபாகரும் இருந்த அணியில், இந்திய மண்ணில் அவர் முதல் டெஸ்ட் ஆட 1994 நவம்பர் ஆனது. 1996-ல் அகமதாபாத்தில் 170 ரன் துரத்திய தென்னாப்பிரிக்கா 105-ல் சுருண்டபோது அவர் எடுத்தது 21 ரன்னுக்கு 6. 1999-ல் கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே டெஸ்ட்டில் 13. முடிவில் 67 டெஸ்ட்டில் 236 விக்கெட், சராசரி 30.49, ஒருநாளில் 315.

55.30-லிருந்து 30.49-க்கு வந்த அந்தப் பயணத்தில் வேகம் முதல் நாளிலிருந்தே இருந்தது. பின்னால் வந்து சேர்ந்தவை மூன்று: வாய்ப்பு, லெங்த், உள்ளே வரும் பந்தோடு வெளியே போகும் பந்தும். இந்த மூன்றில் முதலாவதை வெளியிலிருந்து ஊகிப்பது எளிது. அணிப் பட்டியலைப் பார்த்தாலே போதும், யாருக்கு வயதாகிறது, யார் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

பிரசித்துக்கு 2025-ல் அந்த இடம் கிடைத்தது. குஜராத் அணியில் புதுப் பந்து சிராஜிடம். பிரசித் பெரும்பாலும் பவர்பிளே முடிந்த பிறகே வந்தார். ஃபீல்டர்கள் விரிந்து நிற்கும் அந்த ஓவர்களில், பழைய பந்தை அதே இடைப்பட்ட லெங்த்தில் திரும்பத் திரும்பக் குத்துவது மட்டுமே வேலை. ரன் வேகம் குறையக் குறைய மட்டையாளர் வலிந்து தூக்குவார், எல்லைக்கோட்டில் கேட்ச். ஏப்ரல் 19 அன்று அகமதாபாத்தில் டெல்லிக்கு எதிராக 41 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்ததும் இப்படித்தான். புதுப் பந்தையும் கடைசி ஓவரையும் சுமக்க வைத்தபோது தடுமாறியவருக்கு, அவர் பந்துக்குப் பொருந்தும் நேரத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஆஷிஷ் நெஹ்ராவின் அந்த முடிவு அரியெட்டாவுக்கு சிகாகோ செய்ததற்குச் சமமானது என்பேன்.

உடலையும் பார்க்க வேண்டும். இது ஃபேண்டசிக்காரர்கள் மிகவும் அலட்சியப்படுத்தும் பகுதி. 2022 ஆகஸ்ட்டுக்குப் பிறகு கீழ்முதுகில் அழுத்த முறிவு, 2023-ல் அறுவைச் சிகிச்சை, ஐபிஎல் போயிற்று. 2024 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்தில் தொடைத் தசை. பிப்ரவரியில் அதற்கும் அறுவைச் சிகிச்சை. அந்த ஐபிஎல்லும் போயிற்று. 28 வயதுக்குள் இரண்டு பெரிய சிகிச்சை. 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டில் 42 ரன்னுக்கு 3, 65 ரன்னுக்கு 3 என்று வீசினார். அந்த எண்களைவிட முக்கியம், ஐந்து நாள் ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் திரும்பத் திரும்ப ஸ்பெல் வீசும் உடல் திரும்பியிருந்தது என்பது. அன்றைக்கே அவரைக் குறித்து வைத்துக்கொண்டவர்களுக்கு மூன்று மாதம் கழித்து லாபம்.

எல்லாச் சரக்கும் இப்படி இடம் சேர்வதில்லை. ஜாம்ஷெட்பூரின் வருண் ஆரோன் 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவர். முதுகு அவரை மீண்டும் மீண்டும் படுக்க வைத்தது. 9 டெஸ்ட்டில் 18 விக்கெட், சராசரி 52.61 என்று அவர் கணக்கு முடிந்தது. வேகம் இருந்தும் மேலெழாதவர்களின் பட்டியல், எழுந்தவர்களின் பட்டியலைவிட நீளம். எழுந்தவர்கள் மட்டும் நம் நினைவில் தங்குவதால், திறமை எப்படியும் ஒருநாள் வெளிப்படும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம். அந்த நம்பிக்கையில் பணமோ புள்ளியோ வைப்பது ஆபத்து.

அதிர்ஷ்டத்தால் வந்த ஏற்றத்துக்கும் மாற்றத்தால் வந்த ஏற்றத்துக்கும் வித்தியாசம் காண, நம் சென்னையின் வருண் சக்கரவர்த்தியைவிட நல்ல பாடம் இல்லை. 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடி ஒரு விக்கெட்டும் இல்லாமல் வெளியேறினார். 2022 ஐபிஎல்லில் 11 ஆட்டத்தில் 6. அடுத்த சீசனில் 20, அதற்கடுத்து 21. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5. நடுவில் என்ன நடந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார்: பந்தைப் பக்கவாட்டில் சுழற்றி வந்தவர், மேலிருந்து முன்னோக்கிச் சுழலும்படி தன் பந்தையே மாற்றி எழுதினார். பந்து வேகமாகவும் உயரமாகவும் எழும்பத் தொடங்கியது. எண் மாறியதற்கு ஒரு காரணம் கையில் அகப்படுகிறது. அப்படி அகப்பட்டால் அந்த ஏற்றத்தை நம்பலாம்.

பிரசித்தின் 2025-ஐ இதே தட்டில் வைத்துப் பார்த்தால் விடை அரைகுறையாகத்தான் வரும். 2022-ல் ஓவருக்கு 8.29 ரன், 2025-ல் 8.27. ஒரே எண் போலத் தெரிந்தாலும், ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்றி இறக்க அனுமதிக்கும் இம்பாக்ட் பிளேயர் விதிக்குப் பிறகு ஐபிஎல்லில் எல்லோருமே கூடுதலாக அடி வாங்குகிறார்கள். ஆகவே 2025-ன் 8.27 உண்மையில் மேலான எண். விக்கெட்டில்தான் பெரிய தாவல்: 21 பந்துக்கு ஒன்று என்பது 14 பந்துக்கு ஒன்றாயிற்று. 2022-ன் தரத்திலேயே அவர் 354 பந்து வீசியிருந்தால் எதிர்பார்க்கக்கூடியது 17 விக்கெட். தற்செயலாக மட்டுமே அது 25-ஐத் தொட நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு வாய்ப்பு. குறைவுதான். ஆனாலும் முறையாக வீசும் பந்துவீச்சாளர்கள் அறுபது எழுபது பேர் இருக்கும் ஒரு தொடரில், அப்படி ஒரு தற்செயல் யாரோ ஓரிருவருக்கு ஒவ்வோர் ஆண்டும் வாய்க்கும். பட்டியலின் உச்சியில் நிற்பவர் திறமைசாலியாகவும் இருப்பார், அந்த ஆண்டு கொடுத்து வைத்தவராகவும் இருப்பார். தொப்பி வாங்கியவரை அடுத்த ஆண்டு அதே எண்ணுக்கு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டு முழு சீசனையும் சேர்த்துக் கூட்டினால் ஏறத்தாழ 750 பந்தில் 44 விக்கெட். 17 பந்துக்கு ஒன்று. உடல் தேறியது, பொருத்தமான நேரம் கிடைத்தது ஆகிய இரண்டும் நிஜமான காரணங்கள் என்பதால், 2025-க்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தாலும் முழு சீசனுக்கு 20, 21 விக்கெட்டுக்கு மேல் எதிர்பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஃபேண்டசியில் இன்னொரு நுட்பம் உண்டு. நிலையில்லாதவரின் விலை, நீங்கள் எந்தப் போட்டியில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எட்டு நண்பர்கள் சேர்ந்து சீசன் முழுவதும் ஆடும் லீகில் ஏற்ற இறக்கம் தானே அடங்கிவிடும், மொத்தக் கணக்கு மட்டுமே பேசும். சராசரியைப் பார்த்து எடுங்கள். இரண்டு பேர் மோதும் ஒற்றை ஆட்டத்தில், நீங்கள் மற்றவரைவிட நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று நம்பினால், சிக்கனமாக வீசி ஒரு விக்கெட்டாவது எடுப்பவரே பத்திரம். லட்சக்கணக்கானவர்கள் கலந்துகொண்டு முதலிடத்துக்கு மட்டும் பரிசு என்றால் கணக்கு தலைகீழ். அங்கே சராசரி ஆட்டம் எதற்கும் உதவாது. கேப்டனுக்கு இரண்டு மடங்கும் துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கும் புள்ளி தரும் ஆட்டத்தில், ஒருநாள் நான்கு விக்கெட்டும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் வீசும் பிரசித் போன்றவரே கேப்டன் பொறுப்புக்கு உகந்தவர். பலர் அவரை ஒதுக்கி வைத்திருக்கும் வாரமாக இருந்தால் இன்னும் நல்லது.

பரிசு என்றதும் பணப் போட்டியை நினைக்க வேண்டாம். கர்நாடகம் 2021-ல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் போட்டிகளை நாடு முழுவதும் தடை செய்தது. ட்ரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. எத்தனையோ குடும்பங்களில் கடன் ஏறிய கதையைக் கேட்டவன் என்ற முறையில் நான் அதை வரவேற்கிறேன். மேலே போட்ட 24 பந்துக் கணக்கே சொல்கிறது: ஒற்றை ஆட்டத்தின் முடிவில் திறமையின் பங்கைவிடப் பகடையின் பங்கு அதிகம். நண்பர்களோடு காசில்லாமல் ஆடும் லீகுக்கு இந்த ஆய்வெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு பந்துவீச்சாளரை நியாயமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு. ஒரு ஓவரில் 23 ரன் கொடுத்ததும் சமூக ஊடகத்தில் கல்லெறிகிறவர்கள், அதே ஆள் ஓவலில் எட்டு விக்கெட் எடுக்கும்போது வாயடைத்துப் போகிறார்கள். இரண்டு நாளும் அவர் ஏறக்குறைய ஒரே ஆள்தான்.

நிலையில்லாத ஒரு வேகப்பந்து வீச்சாளரை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது அவருடைய கடைசி மூன்று ஆட்ட விக்கெட்டை மூடி வையுங்கள். அவர் பந்துகள் பிட்ச்சில் விழுந்த இடம் காட்டும் படத்தைத் திறந்து, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் குவியல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக எப்போது தொடர்ந்து இரண்டு மாதம் காயமில்லாமல் ஆடினார் என்று பாருங்கள். கேப்டன் அவரை எந்த ஓவரில் அழைக்கிறார் என்று பாருங்கள். மூன்றில் இரண்டேனும் சாதகமாக மாறியிருந்து, விலை மட்டும் பழையதாக இருந்தால், தயங்காமல் எடுங்கள். 2024-ல் மைசூரு வாரியர்ஸ் 1 லட்சத்துக்கு எடுத்தது அப்படிப்பட்ட விலையில்தான். அந்த ஆண்டு மகாராஜா டிராபியை வென்றதும் அந்த அணியே. 2025 முடிவில் அந்த வாய்ப்பு போய்விட்டது, பிரசித் இனி மலிவாகக் கிடைக்க மாட்டார். அவரை எடுக்க நினைப்பவர்கள் 20 விக்கெட் தரும் பந்துவீச்சாளருக்கான விலையைக் கொடுக்கலாம். 25-க்கான விலையைக் கொடுக்கக் கூடாது.